ஏழாம் காட்சியில் தண்ணீருக்குப் போன அம்மா

போன மாதம் பதிப்பாளர் சங்கத்தின் செயலாளர் என் வீட்டுக்கு வந்தார். பொன்விழா மலர் போடுகிறார்களாம். "நீங்க அந்தக் காலத்துல உரிமைப் பார்வையாளரா இருந்தீங்கன்னு கேள்விப்பட்டேனுங்க. ஒரு நூலோட உரிமைய எப்படிக் கட்டிக் காப்பாத்துறதுன்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க. இந்த ஜெராக்ஸ் கடைக்காரங்க தொல்லை தாங்க முடியலீங்க" என்றார். எப்படி எழுத வேண்டும் என்பதற்கு மாதிரியாக வேறொரு மலரில் வந்த கட்டுரையையும் கொடுத்துவிட்டுப் போனார். அது ஜெராக்ஸ் காப்பி.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் கோயமுத்தூரில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்ப்பவனாக நான் சேர்ந்தேன். முதல் மூன்று வருடங்களில் கற்றுக்கொண்டது ஒன்றுதான். எழுத்தைப் பார்க்க வேண்டும், அர்த்தத்தைப் பார்க்கக் கூடாது. அர்த்தம் பார்க்கத் தொடங்கினால் கதை நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும், ஒற்று விட்டுப்போகும். இந்தப் பாடத்தை நான் மிக நன்றாகக் கற்றுக்கொண்டேன் என்பது பின்னால் தெரியவரும்.

அச்சகத்தின் முதலாளி சென்னியப்பன் அவர்கள். பதிப்பகத்துக்கும் அவரே முதலாளி. அந்தப் பதிப்பகத்தில் விற்ற ஒரே புத்தகத்துக்கு ஆசிரியரும் அவரே. 'பங்குக் கிணறு' என்ற நாடகம் அது. அண்ணன் தம்பி இருவர் பாகம் பிரிக்கிறார்கள். கிணறு ஒன்றுதான். திங்கள், புதன், வெள்ளி அண்ணன் தண்ணீர் இறைக்கலாம். செவ்வாய், வியாழன், சனி தம்பி இறைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை யாருக்கு என்பதில் அடிதடியாகி வழக்கு கோர்ட்டுக்குப் போகிறது. கடைசியில் அண்ணன் நான்கு பக்கம் பேசித் திருந்துகிறான். எங்கள் பக்கத்தில் கிணற்றுப் பங்கு இல்லாத குடும்பமும் கிடையாது, பங்குச் சண்டை இல்லாத கிணறும் கிடையாது. அதனால் நாடகம் காட்டுத்தீ மாதிரி பரவியது. அவிநாசியில் போட்டார்கள், அன்னூரில் போட்டார்கள், மில்களில் ஆயுத பூஜைக்குப் போட்டார்கள். யாரும் முதலாளியை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்போதுதான் பதிப்புரிமைக்குப் புதுச் சட்டம் வந்திருந்தது. முதலாளி அதை வரவழைத்து, சிவப்பு பென்சிலால் கோடு போட்டுப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங் தம்பி, இனிமே நம்ம நாடகத்த நம்மளக் கேக்காம யாரும் போடக் கூடாதுங்க. போட்டாங்கன்னா அது தப்புங்க. நீங்க போயிப் பாத்துட்டு வரோணும்."

அப்படித்தான் நான் உரிமைப் பார்வையாளர் ஆனேன். தமிழ்நாட்டிலேயே அந்தப் பதவி எனக்கு மட்டும்தான் இருந்திருக்கும். ஒரு குடை, ஒரு டார்ச் லைட், அச்சிட்ட நாடகம் ஒரு பிரதி, கோடு போட்ட நோட்டு, கறுப்பு பென்சில், சிவப்பு பென்சில், ஒரு கட்டு நோட்டீஸ். இவைதான் என் ஆயுதங்கள்.

வேலை செய்யும் முறையை முதலாளியே வகுத்துக் கொடுத்தார். கூட்டத்தில் ஒருவனாக இரண்டாவது வரிசையில் உட்கார வேண்டும். புத்தகத்தை மடியில் விரித்துக்கொள்ள வேண்டும். மேடையில் பேசுவது புத்தகத்தில் உள்ளபடி இருந்தால் கறுப்பு பென்சிலால் டிக் போட வேண்டும். மாற்றிப் பேசினால் நோட்டில் இடது பக்கம் நம் வசனத்தையும், வலது பக்கம் சிவப்பில் அவர்கள் பேசியதையும் எழுத வேண்டும். ஓர் எழுத்து விடக் கூடாது. கோர்ட்டில் அதுதான் சாட்சியாம். பக்கத்தின் அடியில் 'மீறியவர் பெயர், தொழில்' என்று ஒரு கட்டம். எல்லாம் முடிந்த பிறகு மேடைக்குப் போய் நோட்டீஸை உரக்கப் படித்துவிட்டு இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும்.

இரண்டு கையால் என்பதில் முதலாளி மிகவும் கண்டிப்பு. அவர் யாரையும் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. மேசைமேல் ஏறும் பூனையைக்கூட "எறங்குங்க" என்றுதான் சொல்வார். அவர் எழுதிய நோட்டீஸும் அப்படித்தான். 'தாங்கள் எங்கள் நாடகத்தை விரும்பி நடித்தமை அறிந்து மகிழ்ச்சி. அனுமதி பெறாமல் நடித்தமை அறிந்து வருத்தம். யாருடைய அனுமதியின் பேரில் நடித்தீர்கள் என்பதைப் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்கக் கோருகிறோம். தவறினால் தங்களைக் கோர்ட்டில் சந்திக்கும் பாக்கியம் கிட்டும்.' இதைப் படித்துக் காட்டினால் பாதிப் பேர் வாழ்த்துரை என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

முதல் பயணம் சத்தியமங்கலத்துப் பக்கம் ஒரு கிராமம். கூட்டத்தில் ஒருவனாக உட்காரச் சொல்லியிருந்தாரே, அது பஸ்ஸை விட்டு இறங்கிய ஐந்து நிமிடத்தில் முடிந்துபோனது. குடையும் புத்தகமுமாக இறங்கியவனைப் பார்த்து, "ஏனுங், எந்தூருங்க, யாரு ஊட்டுக்குங்க?" என்று நான்கு பேர் விசாரித்தார்கள். பொய் சொல்ல வரவில்லை. நாடகத்தைத் தடுக்க வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் கோபப்படவே இல்லை. "அட, அத்தாச்சோடு தூரத்துல இருந்தா? மொதல்ல சாப்புடுங்க" என்று இலை போட்டார்கள். பிறகு மாலை போட்டு மேடையில் உட்கார வைத்து, 'நம் நாடகத்தைத் தடுப்பதற்காகக் கோவையிலிருந்து வருகை தந்திருக்கும் வேலுச்சாமி அவர்களுக்கு நன்றி' என்று மைக்கில் அறிவித்தார்கள். ஜனம் ஆரவாரம் செய்தது.

இதற்கு மேல் ஒன்று நடந்தது. அந்த ஊரில் ஒருவரிடமும் நாடகப் புத்தகம் இல்லை. பக்கத்து ஊரில் பார்த்து, காதால் கேட்டு மனப்பாடம் செய்தவர்கள். இரண்டாம் காட்சியிலேயே அண்ணன் வேடக்காரருக்கு வசனம் மறந்துவிட்டது. கூட்டம் பொறுமையாக இருந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அச்சிட்ட புத்தகம் கையில் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். என்ன செய்ய முடியும்? எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வசனத்துக்குத் திரைக்குப் பின்னால் வரச் சொன்னார்கள், போனேன். கடைசிக் காட்சி வரை திரைக்குப் பின்னால் நின்று, அனுமதி பெறாத நாடகத்தைப் பிழையில்லாமல் நடத்திக் கொடுத்துவிட்டு, வழிக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு திரும்பினேன். நோட்டீஸ் கட்டு பிரிக்காமல் அப்படியே இருந்தது. முதலாளியிடம், "வசன மாறுதல் ஒன்றுமில்லை" என்று அறிக்கை கொடுத்தேன். அது உண்மைதானே.

இன்னொரு நாள் பொங்கலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஆபீசுக்கே வந்துவிட்டார். "நீங்க எழுதியிருக்கறது எங்கூட்டுச் சண்டைங்க. அந்த அண்ணன் நானு. ஞாயித்துக்கிழமைக்குக் கோர்ட்டுக்குப் போனது நானும் எந்தம்பியும். எங்களைக் கேக்காம எப்படிங்க எழுதுனீங்க?" என்றார். முதலாளி அவருக்குக் காபி வரவழைத்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். அவர் முக்கியமான விஷயம் பேசும்போது அப்படித்தான் செய்வார்.

"நடந்தது உங்களுதுங்க. எழுதுனது என்னுது. சட்டம் எழுதுனவனுக்குத்தானுங்க."

பெரியவர் காபியைக் குடித்துவிட்டு, "அப்ப நாங்க சும்மா நடந்துபோட்டமாக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். நானும் முதலாளியோடு சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு நான் பட்டது பிறகு.

அந்த வருடம் ஆயுத பூஜைக்குச் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் 'பங்குக் கிணறு' போடுகிறார்கள் என்று தகவல் வந்தது. முழு நைட் ஷிப்டு பார்த்தவர்களும் பகல் ஷிப்டுக்காரர்களும் சேர்ந்து பார்க்கட்டும் என்று பிற்பகல் மூன்று மணிக்கே வைத்திருந்தார்கள். மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் பூசி மாலை போட்டிருந்தது. கேன்டீன் ஹாலில் மேடை. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து டிக் போட்டுக்கொண்டே வந்தேன். பரவாயில்லை, புத்தகத்தை ஒட்டித்தான் போனார்கள். அண்ணன் நான்கு பக்கப் பேச்சைத் தொடங்கும் நேரத்தில், ஓரத்திலிருந்து அம்மா வேடக்காரர் இடுப்பில் குடத்தோடு மேடைக்கு வந்தார். புத்தகத்தைப் புரட்டினேன். அங்கே அம்மாவுக்கு வேலையே இல்லை.

அம்மா நடு மேடையில் குடத்தைக் கவிழ்த்து வைத்தார். இரண்டு மகன்களையும் பார்த்தார்.

"பத்திரம் எழுதி முடிச்சிட்டீங்களா கண்ணுகளா? நல்லதுங்க. திங்க, பொதன், வெள்ளி பெரியவனுக்கு. செவ்வா, வேழன், சனி சின்னவனுக்கு. ஞாயித்துக்கெழம கோர்ட்டுக்கு. எனக்கு எந்தக் கெழம எழுதியிருக்கீங்க?"

அத்தனை பேர் இருந்த ஹாலில் மின்விசிறி சுற்றுவது கேட்டது. மகன்கள் இருவரும் தலை குனிந்து நின்றார்கள். திரை விழுந்தது. நான்கு பக்கப் பேச்சை யாரும் பேசவுமில்லை, யாரும் கேட்கவுமில்லை. என் கை பழக்கத்தில் சிவப்பு பென்சிலால் எல்லாவற்றையும் எழுதி முடித்திருந்தது. குடத்தைக் கவிழ்த்து வைக்கிறாள் என்பதை எழுதினேன். அடைப்புக்குறிக்குள் 'அரங்கில் சத்தமில்லை' என்றும் எழுதினேன். என் கண்ணில் தண்ணீர் நின்றதை எழுதவில்லை. அதற்கு நோட்டில் கட்டம் இல்லை.

அம்மா வேடம் போட்டவர் பெயர் மாரப்பன். நூல் அறுந்தால் முடிபோடும் வேலை. அப்பன் பாட்டன் காலத்தில் பண்ணையத்தில் கூலி வேலை செய்த குடும்பம். மில்லுக்கு வந்த முதல் ஆள் இவர்தான். சேலையை அவிழ்த்துக்கொண்டே என்னிடம் பேசினார்.

"மாத்தோணும்னு மாத்துலீங்க. ஏழாவது சீன்ல அம்மா தண்ணிக்குப் போறேன்னு கொடத்த எடுத்துட்டுப் போறாளுங்க. அப்பறம் திரும்பி வரவே இல்லீங்களே! நான் சேலையக் கட்டீட்டு ஒரு மணி நேரம் பொறத்தால நின்னுட்டே இருந்தனுங்க. எங்க போயிருப்பான்னு யோசிச்சேன். கெணத்துக்குத்தான போயிருப்பா? அங்க போனா இன்னிக்கு உன்ற கெழம இல்லைன்னு சொல்லியிருப்பாங்க. எங்க ஆளுங்களுக்கு எந்தக் கெணத்துலீங்க கெழம இருந்துச்சு? யாராவது மேல நின்னு ஊத்துனாத்தான் எங்கம்மா கொடம் நெறையும். அதையத்தான் கேட்டேன்."

புத்தகத்தைப் புரட்டினேன். உண்மைதான். ஏழாம் காட்சியில் தண்ணீருக்குப் போன அம்மா பதின்மூன்றாம் காட்சியில் நாடகம் முடியும்வரை வரவில்லை. ஆசிரியர் அவளை மறந்துவிட்டார். புரூப் பார்த்த நானும் மூன்று தடவை படித்திருக்கிறேன். ஒற்று ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை, ஓர் அம்மா காணாமல் போயிருந்தாள்.

அன்றைக்கு நோட்டீஸ் கொடுக்காமல் திரும்பிவிட்டேன். மறுநாள் முதலாளி நோட்டைப் படித்தார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. வலது பக்கத்தை இரண்டாம் முறை படித்தார்.

"ஓரெழுத்து விடாம எழுதுனீங்ளா தம்பி?"

"விடலீங்க."

"இந்தத் தடவ நோட்டீஸ் வேண்டாமுங்க. பாவம், நடிச்சுட்டுப் போறாங்க. நோட்டு எங்கிட்டயே இருக்கட்டும்."

என்ன பெரிய மனசு என்று நினைத்தேன். கம்போசிங் ஆட்களிடமெல்லாம் சொல்லிப் புகழ்ந்தேன். நான்கு மாதம் கழித்து 'பங்குக் கிணறு' திருத்திய இரண்டாம் பதிப்பின் புரூப் என் மேசைக்கு வந்தது. புதிதாகப் பதினான்காம் காட்சி. குடம், மூன்று கிழமை, மூன்று கிழமை, கோர்ட்டு, எல்லாம் என் நோட்டின் வலது பக்கம் அப்படியே. 'அரங்கில் சத்தமில்லை' என்பதைக்கூட விடவில்லை. நடிகர்களுக்கான குறிப்பு என்று நினைத்து அதையும் சேர்த்திருந்தார். அரங்கை எப்படிச் சத்தமில்லாமல் வைப்பது என்று கேட்டுப் பிற்பாடு பல ஊர்களிலிருந்து கடிதம் வந்தது. முன்னுரையில், 'ஒரு நாள் பூஜையில் இருந்தபோது இக்காட்சி என் மனத்தில் தானாக உதித்தது' என்று எழுதியிருந்தார்.

முன்னுரையில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது, அதை மட்டும் போட்டுக் கொடுத்தேன். எனக்குக் குடும்பம் இருந்தது, வேலை வேண்டியிருந்தது என்றெல்லாம் சொல்லலாம். உண்மை என்னவென்றால் பயம். யாரோ ஒருவன் சொந்தமாகச் சொன்னதைத் தூக்கிக்கொண்டு வந்து முதலாளி கையில் கொடுத்தவன் நான். அதுவும் சம்பளம் வாங்கிக்கொண்டு, காவல்காரன் என்ற பேரில். மாரப்பனிடமிருந்து அந்த வசனத்தை எடுத்தது சிவப்பு பென்சில்தான்; அந்தப் பென்சில் இருந்தது என் கையில்.

இரண்டாம் பதிப்பு நன்றாக ஓடியது. எல்லாருக்கும் அந்தப் பதினான்காம் காட்சிதான் வேண்டும். அதனால் அந்தக் காட்சிக்கு மட்டும் தனி அனுமதி என்று முதலாளி விதி போட்டார். அடுத்த ஆயுத பூஜை வந்தது. சிங்காநல்லூர் மில்லில் மறுபடியும் அதே நாடகம். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"முன்கூட்டியே போயி நோட்டீசக் குடுத்துருங்க தம்பி. பதினாலாவது காட்சியில அந்த வசனத்த அவங்க பேசக் கூடாதுங்க."

"ஐயா, அது... மாரப்பன் சொன்னதுங்களே."

கண்ணாடி ஏறியது. "சொன்னது அவருங்க. எழுதுனது யாருங்க?"

எழுதியது நான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. வந்தது அவ்வளவுதான்.

பூஜைக்கு முதல் நாள் கேன்டீனில் மாரப்பன் எதிரில் நின்று நோட்டீஸை உரக்கப் படித்தேன். வாழ்க்கையில் அதைவிடக் கேவலமான வேலை நான் செய்ததில்லை. நாடக மன்றத்துச் செயலாளர் தங்கவேலு மேஸ்திரிக்கு வியர்த்துவிட்டது. கோர்ட்டு என்ற வார்த்தை நிர்வாகத்தின் காதில் விழுந்தால் மன்றத்தையே பூட்டிவிடுவார்கள். "மாரப்பா, அந்த வசனத்த விட்டுருப்பா" என்றார்.

"அப்ப நான் தண்ணிக்குப் போனவ போனவதானுங்களா?" என்று மாரப்பன் என்னைப் பார்த்துக் கேட்டார். பிறகு, "இதுக்கெல்லாம் எதுக்குங்க அனுமதி? அதைய யாரு வேணும்னாலும் சொல்லட்டும். நீங்களே சொல்லிக்குங்க. தண்ணி கேக்கறதுக்கு நான் யாரையும் தடுக்க மாட்டேனுங்க. ஆனா எம்பேச்ச நானே பேசக் கூடாதுங்கறீங்களே, அது எப்படீன்னுதான் வெளங்கல" என்றார். எனக்கும் விளங்கவில்லை. நோட்டீஸை இரண்டு கையால் கொடுத்தேன். அவர் இரண்டு கையால் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் மூன்று மணிக்கு அதே ஹால், அதே இரண்டாவது வரிசை. கறுப்பு டிக், கறுப்பு டிக். கடைசியில் மாரப்பன் குடத்தோடு வந்தார். கவிழ்த்து வைத்தார். இரண்டு மகன்களையும் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அப்படியே நின்றார்.

முதலாளிக்கும் எனக்கும் தெரியாத ஒரு சங்கதி இருந்தது. ஒரு வருடமாக அந்த மில்லில் அந்த வசனம் நாடகத்தை விட்டு வெளியே வந்து உலாவிக்கொண்டிருந்தது. கரண்ட் தட்டுப்பாட்டில் வார லீவை இன்றைக்கு இவருக்கு, நாளைக்கு அவருக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். லீவு கேட்டுப் போனவன் சூப்பர்வைசரிடம், எனக்கு எந்தக் கிழமை எழுதியிருக்கீங்க என்றுதான் கேட்பானாம். ரேஷன் கடை வரிசையில் பெண்கள் கேட்டார்கள். மருமகள்கள் மாமியாரிடம் கேட்டார்கள். அந்த மில்லைச் சுற்றி அது எல்லார் வாயிலும் இருந்தது.

மாரப்பன் பேசாமல் நிற்பதைப் பார்த்து ஹால் முதலில் திகைத்தது. மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், "திங்க, பொதன், வெள்ளி பெரியவனுக்கு" என்றது. பின்னாலிருந்து நான்கைந்து பேர், "செவ்வா, வேழன், சனி சின்னவனுக்கு" என்றார்கள். கோர்ட்டுக்கு என்ற இடத்தில் பாதி ஹால் சேர்ந்துகொண்டது. கடைசிக் கேள்வியை ஹால் முழுவதும் ஒரே குரலில் கேட்டது. மேடையில் மாரப்பன் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அது நடிப்பில்லை.

விதிப்படி நான் எழுத வேண்டும். 'மீறியவர் பெயர், தொழில்' என்ற கட்டம் காத்துக்கொண்டிருந்தது. மாரப்பன் மீறவில்லை. மீறிய அத்தனை பேரையும் பெயர் கேட்டு எழுத ஒரு நோட்டுப் போதாது. ஆனால் ஒருவனை எனக்கு நிச்சயமாகத் தெரியும், அவன் வாயும் அசைந்தது, சத்தமாகவே அசைந்தது. வேலுச்சாமி, உரிமைப் பார்வையாளர் என்று சிவப்பில் எழுதினேன்.

முதலாளி படித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். கோபமாக ஒரு சொல் சொல்லவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து நோட்டீஸ் ஒன்றை எடுத்து, பச்சை மையில் என் பெயரை எழுதி, எழுந்து நின்று இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். "முறைன்னா எல்லாருக்கும் முறைதானுங்க தம்பி" என்றார். மறுநாள் முதல் எனக்குப் புரூப் மேசை மட்டும்தான். அந்தப் பதவிக்குப் பிறகு ஆள் போடவில்லை. ஓய்வு பெறும்வரை ஒற்றுகளைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி காலமாகிவிட்டார். மாரப்பனும் போய்ச் சேர்ந்துவிட்டார். நாடகம் இப்போது யாரும் போடுவதில்லை. அந்த வசனம் மட்டும் சிங்காநல்லூர்ப் பக்கத்தில் இன்னும் காதில் விழுகிறது. போன வாரம் பஸ்ஸில் கண்டக்டரிடம் ஓர் அம்மணி கேட்டாள். நோட்டீஸ் என் பீரோவில் இருக்கிறது. பதினைந்து நாளுக்குள் பதில் கேட்டிருந்தார்கள், நான் பதிலே போடவில்லை. மலர்க் குழுவினர் இந்தக் கட்டுரையை அந்தப் பதிலாக வைத்துக்கொள்ளலாம். வேண்டுமானால் ஜெராக்ஸும் எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: யாருடைய அனுமதியின் பேரில் அந்த வசனத்தைச் சொன்னீர்கள்?

பதில்: சிங்காநல்லூர் மில் தொழிலாளி மாரப்பன் அவர்களின் அனுமதியின் பேரில். கேன்டீனில், நோட்டீஸ் கொடுத்த அன்று, வாய்மொழியாகக் கொடுத்தார். அதை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.